உப்பு தின்ற வெள்ளிக் கரண்டி

புதுவையிலிருந்து சென்னை நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர் மரக்காணத்தை அணுகும்போது, சாலையின் அருகே வெண்மலைகள் போலக் குவிந்து கிடக்கும் உப்பு அம்பாரங்களைக் கண்டிருப்பர். கோடையின் உச்சத்தில் அவற்றை நேராகப் பார்க்கக் கண் கூசும். பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து, ஒரு கணம் வியந்து, பின்பு மறந்துவிடுகிறோம். அந்த உப்புக்கும் அரசர் மேசையின் பொன், வெள்ளிக் கரண்டிகளுக்கும் நீண்டதொரு பகை உண்டு என்பதை நாமும் அண்மைக்காலம் வரை எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்க வைத்தது நம் இல்லத்தில் நேர்ந்த ஒரு சிறு விபத்து.

நம் அன்னையார் மரக்காணத்தை அடுத்த கடலோரச் சிற்றூர் ஒன்றில் 1946-ஆம் ஆண்டு பிறந்தவர். அவருக்கு ஞானத்தாயாக நின்ற அம்மையார் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரியவர். ஒரு கோடை முழுவதும் சேர்த்த கூலியைக் கொண்டு, ஞானஸ்நானத்தின் நினைவாகத் தம் ஞானப்பிள்ளைக்குச் சிறியதொரு வெள்ளிக் கரண்டி வாங்கி அளித்தார். எடை மிகக் குறைவு. காம்பின் நுனியில் ஒரு சிலுவைக் குறி. வேறு வேலைப்பாடு ஏதுமில்லை. அன்னையார் அந்தக் கரண்டியாலேயே நம் உடன்பிறந்தார் அனைவருக்கும் முதற்சோறு ஊட்டினார், பேரப்பிள்ளைகளுக்கும் ஊட்டினார். சில ஆண்டுகளுக்கு முன் மழைக்காலத்தில், வீட்டுக்குப் புதிதாய் வந்த மருமகள், பாவம், விவரம் அறியாமல் அதனை எலுமிச்சை ஊறுகாய் ஜாடிக்குள் போட்டு மூடி வைத்துவிட்டார். மூன்று வாரம் கழித்து எடுத்தபோது கரண்டி கறுத்துப் பச்சை பூத்து, அகப்பை முழுவதும் அம்மைத் தழும்பு போலக் குழிகளோடு வெளிவந்தது.

பத்தரிடம் எடுத்துச் சென்றோம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உப்பு தின்ற வெள்ளி ஐயா இது. தேய்த்தால் கறுப்புப் போகும், குழி போகாது. உருக்கிக் கொடுத்தால் கொஞ்சம் வெள்ளி சேர்த்துப் புதிதாகவே அடித்துத் தருகிறேன்” என்றார். உருக்குவதா வேண்டாமா என்று வீட்டில் இரு கட்சியாகப் பேச்சு எழுந்தது. பேச்சு முடியும் வரை நாம் நூல்களைப் புரட்டலானோம். அங்கே கண்டவற்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரை.

தூய வெள்ளி மிக மென்மையானது. அதனாலேயே பாத்திரங்கள் செய்வோர் அதில் செம்பு கலப்பர். மேலைநாட்டு வழக்கில் நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளியும் மீதி செம்பும் இருக்கும். உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசியும் இயல்புடையது. அந்த ஈர உப்பு வெள்ளியைத் தொட்டுக்கொண்டே இருந்தால், உப்பிலுள்ள குளோரின் கூறு வெள்ளியோடு கூடி வெள்ளிக் குளோரைடு என்னும் கறுப்பு மண்டிய பொருளாகிறது. செம்பு பச்சையாகப் பூக்கிறது. வெள்ளியின் உடலே அரிக்கப்படுவதால்தான் குழி விழுகிறது. முட்டையால் வெள்ளி கறுப்பது வேறு. அது கந்தகத்தால் மேற்பரப்பில் படியும் கறை, துலக்கினால் போய்விடும். உப்பு செய்த புண் போகாது. நம் பாட்டிமார் இரசாயனம் கற்றவர்கள் அல்லர். ஆயினும் உப்பை மரவையிலும் கல்சட்டியிலும் பீங்கான் ஜாடியிலும் வைத்தார்களேயன்றி, எவ்வளவு செல்வம் இருந்தாலும் வெள்ளிச் செம்பில் வைத்ததில்லை.

மேலைநாட்டு அரண்மனைகளில் நிலைமை இக்கட்டானது. உப்பு அங்கே மேசையின் நடுவே, எல்லார் கண்ணுக்கும் தெரிய வீற்றிருக்க வேண்டும். இங்கிலாந்தின் பழைய பெருங்கூடங்களில் பிரபுவின் முன் பெரியதோர் உப்புப் பேழை வைக்கப்படும். உப்புக்கு மேற்புறம் அமர்வோர் மதிப்பிற்குரியவர். கீழ்ப்புறம் அமர்வோர் எளியவர். பந்தியில் ஒருவரின் தகுதியை உப்பே சுட்டிக்காட்டியது எனலாம். அத்தகைய பேழையை மண்ணால் செய்து வைக்கப் பிரபுவின் கௌரவம் இடம் தராது. வெள்ளியால் செய்தால் உப்பு தின்றுவிடும். என்ன செய்வது? வெள்ளியால் செய்து, உப்புப் படும் உட்புறத்துக்குப் பொன்முலாம் பூசினர். பொன்னை உப்பு தொடாது. 18-ஆம் நூற்றாண்டில் நீல நிறக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைச் செய்து வெள்ளிப் பேழைக்குள் பொருத்தும் வழக்கமும் எழுந்தது. உப்பை எடுக்கும் சின்னஞ்சிறு கரண்டிகளைத் தந்தத்தாலும், எலும்பாலும், முத்துச்சிப்பியாலும், அல்லது பொன் பூசிய வெள்ளியாலும் செய்தனர். இன்று அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்ப்போர் ‘எத்தனை ஆடம்பரம்!’ என்பர். ஆடம்பரம் உண்மையே. ஆனால் எந்தப் பொருளை எந்த இடத்தில் வைப்பது என்பதைத் தீர்மானித்ததில் பாதிப் பங்கு உப்பினுடையது.

பழம் அரியும் கத்திகளுக்கும் இதே கதைதான். புளிப்பு பட்டால் எஃகு கறுத்துப் பழத்தின் சுவையைக் கெடுக்கும். ஆகவே செல்வர் வீட்டுப் பழக்கத்திகளுக்கு வெள்ளி அலகு, பொன்முலாம் அலகு. 1913-இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி என்பவர் துருப்பிடிக்காத எஃகைக் கண்டறிந்த பின்னரே இந்தத் தொல்லை தீர்ந்தது. இன்று நம் வீடுகளில் ‘எவர்சில்வர்’ என்று பெயரிட்டு வழங்குகிறோமே, அதில் சில்வர் துளியும் இல்லை. வெள்ளியின் வேலையைச் செய்யும் எஃகுக்கு வெள்ளியின் பெயரையே நம் மக்கள் சூட்டிவிட்டனர்!

திருச்சபையும் இந்த முறையை நன்கு அறிந்திருந்தது. திருப்பலியில் பயன்படும் இரசப்பாத்திரம் பொன்னைவிடத் தாழ்ந்த உலோகத்தாலோ துருப்பிடிக்கும் உலோகத்தாலோ செய்யப்பட்டிருப்பின், உட்புறத்துக்குப் பொன்முலாம் பூசப்பட வேண்டும் என்பது பொது ஒழுங்கு. இரசத்தின் புளிப்பும் வெள்ளிக்கு ஆகாது என்பது ஒரு காரணம். அதைவிட, நம் ஆண்டவரின் திரு இரத்தத்தை ஏந்தும் கலத்துக்குரிய வணக்கம் பெருங்காரணம். பங்குக் கோவிலின் பழைய பாத்திரத்தை அடுத்த முறை அருகில் காண நேரும் பீடச் சிறுவர்கள் உள்ளே எட்டிப் பார்க்கட்டும்.

கரண்டிக்கு வருவோம். ஞானஸ்நானத்துக்கு வெள்ளிக் கரண்டி அளிப்பது மரக்காணத்து அம்மையார் தாமாகக் கண்டுபிடித்த வழக்கம் அன்று. நம் நாட்டில் குழந்தைக்கு வெள்ளிப் பாலாடையும் கிண்ணமும் அளிப்பது எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவானது. ஐரோப்பாவில் 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 17-ஆம் நூற்றாண்டு வரை ஞானப்பெற்றோர் அளித்து வந்தவை ‘அப்போஸ்தலர் கரண்டிகள்’. ஒரு முழுத் தொகுதியில் 13 கரண்டிகள். ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஓர் அப்போஸ்தலரின் சிற்றுருவம் நிற்கும். பதின்மூன்றாவதில் உலக இரட்சகர். உருவங்களுக்குப் பெரும்பாலும் பொன்முலாம். இராயப்பருக்குத் திறவுகோல், பெலவேந்திரருக்குப் பெருக்கல் குறி போன்ற சிலுவை, அருளப்பருக்குக் கிண்ணம், சந்தியாகப்பருக்கு யாத்திரைக் கோல், பார்த்தொலொமேயுவுக்கு அவரது தோலை உரித்த கத்தி. நம் பரங்கிமலைத் தோமையாருக்கு ஈட்டி. யூதாசுக்கு அங்கே இடமில்லை. அவனுக்குப் பதிலாக மத்தியாஸ் வந்துவிடுவார்.

பதின்மூன்றும் வாங்க வல்லவர் சிலரே. நடுத்தரத்தார் நான்கு சுவிசேஷகரின் கரண்டிகளை அளித்தனர். எளியவர் குழந்தை தாங்கும் பெயருக்குரிய புனிதரின் கரண்டி ஒன்றை மட்டும் அளித்தனர். அந்த ஒற்றைக் கரண்டியே மிகுதியாகப் புழங்கியது என்பதை நம் ஏழைக் குடும்பங்கள் நினைவிற் கொள்ளலாம். முழுத் தொகுதிகள் இன்று மிக அரியவை. இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1536-37-ஆம் ஆண்டைச் சேர்ந்த தொகுதி ஒன்று காக்கப்படுகிறது. மற்றவை பாகப்பிரிவினையில் சிதறின, அல்லது உருகின.

அந்நாளைய ஞானஸ்நானச் சடங்கிலும் உப்புக்கு இடமிருந்தது என்பதை நம் மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1969-இல் சடங்குமுறை திருத்தியமைக்கப்படும் வரை, குருவானவர் மந்திரித்த உப்பில் ஓர் இம்மியை எடுத்துக் குழந்தையின் நாவில் வைப்பார். அது ஞானத்தின் அடையாளம். குழந்தை முகத்தைச் சுளிக்கும், சில வேளை அலறும், கூடியிருப்போர் சிரிப்பர். நம் அன்னையாரின் நாவிலும் அவ்வாறே உப்பு வைக்கப்பட்டது. அதே நாளில் அதே பிள்ளைக்கு உப்புக் கூலியால் வாங்கிய வெள்ளிக் கரண்டியும் கிடைத்தது. இன்றைய சடங்கில் உப்பு இல்லை. தீர்த்தம் மந்திரிக்கும்போது அதில் உப்புக் கலக்கும் வழக்கம் மட்டும் விரும்புவோர்க்கு விடப்பட்டுள்ளது.

இத்தனை கூறியபின், விலையுயர்ந்த மேசைக் கருவிகளைப் பற்றித் திருச்சபைப் பெரியார் அனைவரும் மகிழ்ந்து பேசினர் என்று எவரும் எண்ணவேண்டாம். 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பீட்டர் தமியான் கடுந்தவமுடைய துறவி, கர்தினாலாக உயர்ந்தவர், 1072-இல் மரித்தவர், 1828-இல் திருச்சபையின் மறைவல்லுநர் எனப் பிரகடனம் செய்யப்பட்டவர். வெனிஸ் நகரத் தலைவரை மணந்து கான்ஸ்டான்டிநோப்பிளிலிருந்து வந்த சீமாட்டி ஒருத்தியை அவர் தம் எழுத்தில் கண்டித்திருக்கிறார். அவள் வானத்துப் பனிநீரைச் சேகரிக்கச் சொல்லி அதில் நீராடினாளாம். உணவைக் கையால் தொடமாட்டாளாம். ஏவலர் சிறு துண்டுகளாக நறுக்கிக் கொடுக்க, பொன் முள்கரண்டியால் குத்தி வாய்க்குக் கொண்டு செல்வாளாம். முடிவில் அவள் உடல் அழுகி மாண்டாள் என்றும், அது ஆடம்பரத்துக்குக் கிடைத்த தண்டனை என்றும் புனிதர் எழுதிவிட்டார். நோயுற்றவரைப் பற்றி இவ்வாறு தீர்ப்புக் கூறுவது நமக்கு உவப்பாக இல்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறோம். ஆனால், கையால் உண்பதை இழிவாக நினைத்த ஒருத்தியைக் கண்டு புனிதர் சீறினார் என்று படிக்கையில், இலையில் பிசைந்து உண்ணும் நமக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி எழத்தான் செய்கிறது. பின்னாளில் அதே இத்தாலியிலிருந்துதான் முள்கரண்டி ஐரோப்பா முழுவதும் பரவிற்று.

பொன்னும் வெள்ளியும் போதாமல், மேலைநாட்டு மன்னர் நம் கீழைக்கடல்களின் பொருள்களை நாடிய காலம் ஒன்று வந்தது. இலங்கையின் கோட்டை இராச்சியத்துக் கம்மாளர் யானைத் தந்தத்திலும் படிகக் கல்லிலும் கைதேர்ந்தவர்கள். 1540-களின் தொடக்கத்தில் கோட்டை மன்னன் புவனேகபாகு தன் பேரன் தர்மபாலனின் பொற்சிலையைத் தூதர் வழியே லிஸ்பனுக்கு அனுப்பி, போர்த்துக்கல் மன்னரின் கையால் முடிசூட்டச் செய்தான். அந்நிகழ்ச்சியைச் செதுக்கிய தந்தப் பேழையை இன்றும் ஜெர்மனியின் மியூனிக் நகரில் காணலாம். அந்தத் தர்மபாலன் 1557-இல் ஞானஸ்நானம் பெற்று தோன் ஜுவான் எனப் பெயர் பூண்டான். இவ்வுறவின் வழியே கோட்டைக் கம்மாளரின் படைப்புகள் லிஸ்பன் அரண்மனைக்குச் சென்றன. அரசி கத்தரீன் அவற்றை ஆவலோடு சேர்த்தார். தெளிந்த படிகத்தைக் கடைந்து அகப்பையாக்கி, பொன்னும் மாணிக்கமும் பதித்த கோட்டைக் கரண்டி ஒன்று இன்று ஆஸ்திரிய நாட்டு வியன்னா அருங்காட்சியகத்தில் உள்ளது. கடினமான படிகத்தை உடையாமல் கரண்டி வடிவாக்குவதற்கு எத்தனை நாள் மணல் தேய்த்திருப்பர் என்று எண்ணினால் மலைப்பாக இருக்கிறது. பெயர் தெரியாத அந்தக் கம்மாளன் அதில் ஒரு வாய் சோறு உண்டிருப்பானா?

கீழைக்கடல் நத்தைச் சிப்பியின் ஓட்டையே கப்பலின் உடலாக்கி, 1527-28-இல் பாரிஸ் நகரில் செய்யப்பட்ட வெள்ளி உப்புக் கலம் ஒன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடற்கன்னி ஒருத்தி முதுகில் தாங்கும் அக்கப்பலுக்குப் பாய்மரங்களும் மாலுமிகளும் உண்டு. நடுமரத்தின் அடியில் காதலர் இருவர் சதுரங்கம் ஆடுகின்றனர். இத்தனையும் எதற்கு? கப்பலின் பின்புறத்தில் ஒரு சிறு குழி. அதில் ஒரு பிடி உப்பு. அவ்வளவே!

ஆனால் உப்புக் கலங்களுக்கெல்லாம் அரசு என்று சொல்லத்தக்கது, படிகக் கரண்டி இருக்கும் அதே வியன்னா அருங்காட்சியகத்தில் உள்ளது. பிரான்சு மன்னன் முதலாம் பிரான்சுவாவுக்காக இத்தாலியப் பொற்கொல்லன் பென்வெனுட்டோ செல்லினி 1540 முதல் 1543 வரை உழைத்துச் செய்தது. உயரம் 26 சென்டிமீட்டர் அளவே. ஆயினும் பொன் தகட்டை அடித்து எழுப்பிய அற்புதம். ஒருபுறம் கடலின் அரசன், எதிரே நிலமகள். இருவர் கால்களும் பின்னிக் கிடக்கும். கடலரசன் அருகே உப்பு வைக்க ஒரு படகு, நிலமகள் அருகே மிளகு வைக்க ஒரு கோவில். கருங்காலிப் பீடத்தின் அடியில் தந்த உருளைகள் பொருத்தப்பட்டிருப்பதால், மேசைமேல் தேர் போல உருட்டிக்கொண்டு போகலாம். மன்னன் கொடுத்த ஆயிரம் பொற்காசுகளைக் கூடையில் வைத்து வீடு திரும்புகையில் நால்வர் தன்னை வழிமறித்ததாகவும், தான் வாளால் அவர்களை விரட்டியதாகவும் செல்லினி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறான். அவன் சற்றுப் புளுகுபவன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில்தான் நாம் நூலை மூடிவைத்துச் சிறிது நேரம் வாளா இருந்தோம். செல்லினி பாரிசில் பொன்னை அடித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், பிரான்சின் மேலைக் கடற்கரையில், லா ரொஷேல் நகரைச் சுற்றிய உப்பளங்களில் என்ன நடந்தது தெரியுமா? 1541-இல் அதே மன்னன் அப்பகுதியின் உப்பு வரியை மாற்றி இறுக்கினான். ‘கபேல்’ என்னும் அந்த வரி பிரெஞ்சு ஏழைகளின் நெடுநாள் சாபம். உப்பளத்தார் 1542-இல் ஆயுதம் ஏந்தி எதிர்த்தனர். மன்னன் படையோடு வந்தான். விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டோரை 1543-ஆம் ஆண்டின் புத்தாண்டு நாளில் மன்னித்தான். மன்னித்தது அவன் பெருமை. ஆனால் அதே ஆண்டில் பொன் உப்புக் கலமும் முடிந்து அவன் கைக்கு வந்தது. கடலரசன் இருக்கிறான், படகு இருக்கிறது, குதிரைகளும் மீன்களும் இருக்கின்றன. உப்பு வாரும் மனிதன் ஒருவன்கூட அந்தப் பொன்னில் இல்லை. 1548-இல் அடுத்த மன்னன் காலத்தில் கலகம் மீண்டும் வெடித்தது. அப்போது மன்னிப்புக்கு முன் கடுந்தண்டனையே வந்தது. 1790-இல் பிரெஞ்சுப் புரட்சி அந்த வரியை ஒழித்தது. பின்னர் நெப்போலியன் உப்பு வரியை மீண்டும் கொணர்ந்தான். 1930-இல் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்த தொண்டர்களை நினைவுகூரும் தமிழருக்கு இவற்றை விரித்துரைக்கத் தேவையில்லை.

செல்லினியின் கலம் 2003-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள் களவு போயிற்று. வெளியே பழுதுபார்க்கக் கட்டியிருந்த சாரத்தின் வழியே ஏறி வந்த திருடன் எடுத்துச் சென்றான். மணி ஒலித்தும் காவலர் அதைப் பொருட்படுத்தவில்லை. 2006 ஜனவரியில், வியன்னாவுக்கு வெகுதூரத்தில் காட்டுக்குள் ஈயப்பெட்டியில் புதைத்து வைத்திருந்ததை மீட்டனர். அதனை எடுத்தவன் உருக்காமல் விட்டானே என்று உலகம் பெருமூச்சு விட்டது.

உருக்குவது அரிதான செயல் அன்று. அக்கால மன்னருக்கு வெள்ளிக் கரண்டி என்பது அவசரத்துக்கு எடுக்கும் வங்கி இருப்பு. பதினான்காம் லூயி மன்னன் வெர்சாய் அரண்மனையின் வெள்ளி மேசை நாற்காலிகளை 1689-இல் போர்ச் செலவுக்காக உருக்கினான். பதினைந்தாம் லூயி 1759-இல் தன் உணவு மேசை வெள்ளியை நாணயச் சாலைக்கு அனுப்பி, பிரபுக்களையும் அனுப்பச் சொன்னான். அந்தப் போர் நம் மரக்காணக் கரை வரை வந்த போர்தான். மரக்காணத்துக்கு வடக்கே கடப்பாக்கம் அருகில் கடலோரம் இடிந்து நிற்கும் ஆலம்பரைக் கோட்டை 1750-இல் பிரெஞ்சுக்காரர் வசம் வந்தது. நாணயச் சாலையும் உப்பு ஏற்றுமதியும் நடந்த இடம் அது. 1760-இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்து இடித்தனர். 1761 ஜனவரியில் புதுவையும் வீழ்ந்தது. வெர்சாயின் கரண்டிகளும் ஆலம்பரையின் செங்கல்லும் ஒரே போரில் அழிந்தன. இன்று எஞ்சியுள்ள பழம் வெள்ளிக் கரண்டி ஒவ்வொன்றும் எத்தனையோ முறை உலைக்களத்தைத் தப்பி வந்தது.

உருக்குதலுக்கு மேலான உதாரணம் ஒன்றும் உண்டு. 378-இல் உரோமைப் படை தோற்றபின் சிறைபிடிக்கப்பட்ட மக்களை மீட்க, மிலான் மேற்றிராணியார் புனித அம்புரோஸ் ஆலயத்தின் திருப்பாத்திரங்களையே உருக்கினார். பகைவர் பழித்தபோது, கலங்களைக் காப்பதினும் மனிதரைக் காப்பதே சிறந்தது என்னும் கருத்தில் விடையிறுத்தார். நம் வீட்டில் உருக்கவேண்டும் என்ற கட்சியார் இதனைப் பிடித்துக்கொண்டனர்! அம்புரோஸ் மீட்டவர் அடிமைகள்; இங்கே மீட்கப்பட வேண்டியவர் யார் என்று மறுகட்சியார் கேட்டனர்.

இதற்கிடையில் ஒரு விடியற்காலை மரக்காணத்து உப்பளத்துக்கு நாமே சென்றோம். வெயில் ஏறுமுன் வேலை தொடங்கிவிடுகிறது. உவர்நீரைத் தெப்பப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் வற்றவைத்து, உறைப்பு ஏறிய நீரைச் சிறு பாத்திகளுக்குத் திருப்புகின்றனர். மிதித்து மெழுகிய தரையில் சில நாளில் உப்பு பூக்கிறது. கசப்பு நீர் மிஞ்சும்போது அதை வடித்துவிட வேண்டும். இல்லையேல் உப்பு கெடும். நீண்ட பலகையால் வாரி வரப்பில் ஏற்ற, பெண்கள் கூடையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகின்றனர். வெள்ளியைத் தின்னும் அதே உப்புநீரில் நாள் முழுதும் நிற்கும் கால்கள் அவை. வெடிப்பில் உப்பு ஏறினால் எரியும் என்று ஒரு மூதாட்டி பாதத்தைத் தூக்கிக் காட்டினார். உள்ளங்கையிலும் குழிகள் இருந்தன. நாம் கையிலிருந்த புகைப்படத்தில் செல்லினியின் பொற்கலத்தைக் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார். “இம்மாம் பெரிசா இருக்கே, இதுல எத்தினி உப்புப்பா புடிக்கும்?” என்று கேட்டார். ஒரு கைப்பிடி என்றோம். வாய்விட்டுச் சிரித்துக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டார்.

ஐப்பசி முதல் மழை வந்தால் பாத்திகள் நீரில் மூழ்கும். மூன்று மாதம் வேலை கிடையாது. தமிழக அரசு 2022 முதல் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக ரூ.5,000 வழங்குகிறது. மூன்று மாதத்துக்கு அது எந்த அளவு போதும் என்பதைக் குடும்பம் நடத்துவோரே அறிவர். 2024 நவம்பர் 30-ஆம் நாள் புதுவை அருகே பெஞ்சல் புயல் கரை கடந்தபோது அளங்கள் ஒரே ஏரியாயின. பாத்தியை மீண்டும் மிதித்து இறுக்குவதிலிருந்து எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. 1940-களில் நிவாரணமும் இல்லை. அந்தக் கூலியில் ஒருவர் கோடை முழுவதும் காசு சேர்த்து வெள்ளி வாங்கினார் என்றால், எதைக் குறைத்து வாங்கினார் என்று நாம் முன்பு கேட்டதே இல்லை.

வீடு திரும்பி அன்னையாரிடம் மூன்றாம் வழி ஒன்றைச் சொன்னோம்: உருக்க வேண்டாம், அகப்பைக்குப் பொன்முலாம் பூசிவிடலாம், மன்னர் வீட்டு உப்புக்கரண்டியும் கோவிலின் இரசப்பாத்திரமும் அப்படித்தான், இனி உப்பு தொடாது, குழியும் ஓரளவு மறையும். பத்தரும் செய்து தருவதாகச் சொல்லியிருந்தார். அன்னையார் கரண்டியை வாங்கிக் கட்டைவிரலால் குழிகளைத் தடவிப் பார்த்தார்.

“ஞானத்தாயி கையும் இப்படித்தாண்டா சொரசொரன்னு இருக்கும். என் கன்னத்தைப் புடிச்சா கீறும். அப்படியே இருக்கட்டும் விடு” என்றார்.

இவ்வாண்டு பாஸ்குத் திருநாளை அடுத்து நம் இல்லத்தில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் நிகழ்ந்தது. முதற்சோறு ஊட்டும் நாளில் மருமகளே கரண்டியை வெந்நீரில் கழுவித் துடைத்து எடுத்து வந்தார். குழிகளில் பருக்கை ஒட்டிக்கொண்டது. குழந்தை அதை நக்கித் தீர்த்தது. கரண்டி இப்போது அன்னையாரின் தகரப்பெட்டியில், செபமாலைக்கு அருகில், பழைய பருத்தித் துணியில் சுற்றி இருக்கிறது. ஊறுகாய் ஜாடிக்கு மரக்கரண்டி வாங்கியாயிற்று.